மகளின் இனிப்புப் பெட்டி

தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து நின்றாள். "அம்மா, எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?" என்றாள். "ரொம்பச் சரி, கண்ணு" என்று அணைத்துக்கொண்டேன். அவள் கையில் ஒரு காகிதத் தட்டு இருந்தது. வெறும் தட்டை வாங்கிக்கொண்டு, மற்றக் குழந்தைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பிடித்தபடியே நின்றிருக்கிறாள். விளிம்பை விரலால் மடித்து மடித்து ஒரு பக்கம் பிசிர் பிசிராகிவிட்டிருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது.

அந்தத் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன். சீலியாக் நோயும் (கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) லாக்டோஸ் செரியாமையும் (பாலின் சர்க்கரை செரிக்காத நிலை) சேர்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு இனிப்பு தேடி மூன்று ஆண்டுகளாக நான் அலைந்ததெல்லாம் அந்தத் தட்டில் எதையாவது வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

நோய் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடை ஏறவில்லை, வயிறு உப்பிக்கொண்டே இருந்தது, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பரிசோதனை. அதற்கு முன்பே "கோதுமையை நிறுத்திப் பார்" என்று உறவினர் பலர் சொன்னார்கள். மருத்துவர் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார். கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் தேறத் தொடங்கி, பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருப்பவர்கள் முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம் என்பதை மறக்கவே கூடாது. உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. எனக்கும் கணவருக்கும் இல்லை என்று வந்தது.

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். மருத்துவர் இரண்டு "வேண்டாம்" சொன்னார். குளூட்டன் வேண்டாம், பால் வேண்டாம். நான் இரண்டையும் ஒரே தராசில் வைத்தேன். வீட்டிலிருந்த கோதுமை, மைதா, ரவையோடு பால், தயிர், வெண்ணெய், சீஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றினேன். பிறகு கடைக்குப் போனேன். குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகள் இருந்த அடுக்கில் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் படித்தேன். கோதுமையை எடுத்துவிட்டதால் போன சுவையையும் நிறத்தையும் மென்மையையும் ஈடுகட்டப் பால்பவுடரும், பால் திரியும்போது பிரியும் நீரை உலர்த்திய வே பவுடரும் சேர்த்திருந்தார்கள். பால் இல்லாத இனிப்புகள் இருந்த அடுக்குக்குப் போனால் கோதுமை மாவு, ஓட்ஸ் பால், பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி). ஒரு அடுக்கு கைவிட்டதை மறு அடுக்கு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு குறையும் இருக்கிற ஒருவரை மனத்தில் வைத்து எதுவும் செய்யப்படவில்லை. அன்று ஒரு டப்பா திராட்சை வற்றலோடு வீடு திரும்பினேன்.

தெளிவு தந்தவர் எங்கள் உணவியல் ஆலோசகர். காகிதத்தில் சிறுகுடலின் உட்சுவரை வரைந்தார். வரிசையாக விரல்கள் நிற்பதுபோல் இருந்தது. அவைதான் குடலுறிஞ்சிகள். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி அந்த விரல்களின் நுனிப்பகுதியில் இருக்கிறது. சீலியாக் நோயில், குளூட்டன் உள்ளே போகும்போதெல்லாம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த விரல்களைத் தாக்கி மழுங்கடிக்கிறது. விரல் தேய்ந்தால் நுனி எங்கே, நொதி எங்கே? என் மகளின் லாக்டோஸ் தொல்லை குளூட்டன் செய்த சேதத்தின் நிழல். குடல் தேறத் தேற அது குறைய வாய்ப்புண்டு என்றார். எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் என்னுடையது வேறு வகை. வயது ஏற ஏற லாக்டேஸ் சுரப்பு இயல்பாகவே குறைந்துவிடுவது. உலகில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான். அது திரும்பி வராது.

பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் எங்கள் சமையலறையையே மாற்றியது. குளூட்டனில் "கொஞ்சம்" என்ற பேச்சே கிடையாது. லாக்டோஸில் எல்லாமே அளவுப் பேச்சு.

கணக்கு இதுதான். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடலுறிஞ்சிகள் பாதிக்கப்படலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது அந்த ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, ஒரு சிட்டிகைத் துணுக்கு. "மேலே இருக்கிற க்ரீமை மட்டும் வழித்துக் கொடுக்கிறேன், கேக்கைக் கொடுக்கவில்லை" என்று அன்போடு சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். க்ரீமோடு ஒட்டி வரும் துகளே போதும். உலக அளவிலான கோடெக்ஸ் என்ற உணவுத் தரத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று சொல்ல ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிஸ்கட் 100 கிராம் தின்றாலும் உள்ளே போவது அதிகபட்சம் 2 மில்லிகிராம்.

லாக்டோஸின் கணக்கு வேறு. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். செரியாமை உள்ள பெரியவர்களில் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவின்றித் தாங்குகிறார்கள். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் எளிது. குழந்தைக்கு, அதிலும் குடல் புண்ணாகியிருக்கும் தொடக்க மாதங்களில், எல்லை மிகக் கீழே இருக்கும். ஆனால் எல்லாப் பால்பொருளும் ஒன்றல்ல. 100 கிராம் வெண்ணெயில் 1 கிராம் லாக்டோஸ்கூட இல்லை. பல மாதம் முதிர வைத்த கெட்டிச் சீஸில் இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. கொழுப்பு நீக்கிய பால்பவுடரிலோ பாதி எடை லாக்டோஸ்தான். வே பவுடரில் அதைவிட அதிகம். கெட்டிப்படுத்திய இனிப்புப் பாலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல்.

இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு மாதமாக என் பிள்ளைக்கு வெண்ணெயைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். வெண்ணெய் இருந்தால் கேக் இருக்கிறது, பிஸ்கட் இருக்கிறது. தேவையில்லாத ஒரு பட்டினி. ஆனால் ஒன்று: பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு எதிரி பாலின் சர்க்கரை அல்ல, புரதம். அவர்கள் வெண்ணெயையும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. லாக்டோஸ் அதிகமானால் சில மணி நேரத்தில் வயிறு இரைந்து, வலித்து, கழிந்து, ஊரைக் கூட்டிவிடும். ஆனால் குடலைச் சிதைக்காது. குளூட்டன் பலருக்கு ஓசையே இல்லாமல் உள்ளே வேலை செய்யும். குரைக்கிற நாய் கடிக்காது என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. நான் குரைப்பதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன். கடிப்பது பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது.

பின்வாசல் என்றது எங்கள் மாவுச் சல்லடையைத்தான். நோய் தெரிந்து ஓராண்டு ஆகியும் மகளின் எதிர்ப்பொருள் அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. "வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை, எல்லாம் என் கையால் செய்தது" என்று நான் உறுதியாகச் சொன்னேன். ஆலோசகர் பொறுமையாக ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சல்லடையில் வந்து நின்றார். பல ஆண்டுகளாகக் கோதுமை மாவு சலித்த அதே சல்லடையில்தான் அரிசி மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலை விளிம்போடு சேரும் மடிப்பில், எத்தனை முறை கழுவியும் போகாத வெள்ளைக் கோடு, மாவு இறுகிச் சுண்ணாம்புபோல் ஆகியிருந்தது. ஊசியால் சுரண்டினால் உதிர்ந்தது. என் கையால் செய்தது என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தக் கைதான் ஊட்டியிருக்கிறது.

அன்றே சல்லடை, மரக்கரண்டிகள், சப்பாத்திக் கட்டை, கீறல் விழுந்த நான்ஸ்டிக் தட்டுகள் ஆகியவற்றை மாற்றினேன். ரொட்டி வாட்டும் கருவியை அவளுக்கென்று தனியாக வாங்கினோம். எவர்சில்வரும் கண்ணாடியும் நன்றாகக் கழுவினால் போதும். சந்து பொந்தும் நாரும் உள்ளவைதான் ஆபத்து. எங்களுக்காகக் கோதுமை மாவு பிசையும் வழக்கத்தையும் நிறுத்தினோம், ஏனென்றால் மாவுத் தூசி காற்றில் நெடுநேரம் மிதந்து திறந்திருக்கும் பாத்திரங்களில் படியும். அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது.

பெட்டிகளின் பின்பக்கத்தைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். "கோதுமை இல்லாதது" என்றால் குளூட்டன் இல்லாதது என்று பொருளல்ல. பார்லியும் ரையும் உள்ளே இருக்கலாம். இனிப்புகளில் நான் முதலில் தேடும் சொல் மால்ட். பெரும்பாலும் அது பார்லியிலிருந்து வருவது. சாக்லேட், மிட்டாய், பாலில் போட்டுச் சாப்பிடும் அரிசிப்பொரி, சோளச்செதிள் எல்லாவற்றிலும் புகுந்திருக்கும். ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்தில் காட்டச் சொல்லும் சட்டம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கோதுமையை எடுத்துக்காட்டியே ஆக வேண்டும், பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே தடித்த எழுத்தை நம்பி நிறுத்திவிடாமல் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். பயமுறுத்தும் பெயர்கள் சில பாவம், குற்றமற்றவை. மால்டோடெக்ஸ்ட்ரினுக்கும் மால்ட்டுக்கும் தொடர்பில்லை. பக்வீட் என்ற தானியத்துக்கும் கோதுமைக்கும் உறவில்லை. ஓட்ஸ் வேண்டுமானால் குளூட்டன் இல்லை என்று சான்றுள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. சான்றுள்ள ஓட்ஸும் ஒத்துக்கொள்ளாத சிலர் இருக்கிறார்கள் என்பதால் மருத்துவரைக் கேட்டே தொடங்கினோம்.

சர்க்கரை இல்லாத மிட்டாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை என்று தேடிப் பிடித்து ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். இரவெல்லாம் வயிற்றுவலி. பொய் எழுதிவிட்டார்கள் என்று கொதித்தேன். காரணம் சார்பிட்டாலும் மால்டிட்டாலும். இந்த இனிப்பூட்டிகள் யாருக்குமே முழுதாகச் செரிப்பதில்லை. புண்ணான குடலில் லாக்டோஸைப் போலவே ஆட்டம் காட்டும். இப்போது எங்கள் வீட்டில் இனிப்பு என்றால் சர்க்கரை போட்டதுதான், அளவாக.

அடுப்படிக்கு வருகிறேன். முதல் ஆண்டு முழுவதும் நான் கோதுமைக் கேக்கை நகலெடுக்கப் பாடுபட்டேன். அரிசி மாவில் செய்த என் முதல் கேக் மணலைக் கடிப்பதுபோல் நெறுநெறுவென்றிருந்தது, தொட்டால் உதிர்ந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒரே மாவில் செய்யக் கூடாது. அரிசி மாவோடு உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ மரவள்ளி ஸ்டார்ச்சோ கலக்க வேண்டும். குளூட்டன் தரும் பிடிப்புக்குப் பதிலாக ஒரு கோப்பை மாவுக்குக் கால் தேக்கரண்டி சாந்தன் பிசின். கலவையை அரைமணி நேரம் ஊற விட்டால் அரிசி மாவு நீரை இழுத்து மென்மையாகிறது. நெறுநெறுப்புக்கு மருந்து அதுதான். பெரிய அச்சில் நடு வேகாமல் அமுங்கும் என்பதால் சிறு கிண்ணங்களில் ஊற்றுவேன். பேக்கிங் பவுடரிலும் கோதுமை ஸ்டார்ச் இருக்கக்கூடும், பார்த்து வாங்க வேண்டும்.

ஆனாலும் என் மனம் நிறைந்தது நகலெடுப்பதை விட்ட பிறகுதான். கோதுமையையும் பாலையும் என்றுமே அறியாத இனிப்புகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் குறையாது, அதனால் எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை.

முதலாவது நிலக்கடலைப் பிஸ்கட். மாவே கிடையாது. 250 கிராம் நிலக்கடலை வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை. பிசைந்து உருட்டித் தட்டையாக்கி முள்கரண்டியால் அழுத்தி 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெளியே எடுக்கும்போது வேகாததுபோல் தொளதொளவென்றிருக்கும். தட்டிலேயே ஆற விட்டால் தானாக இறுகும். முதல்முறை நான் அவசரப்பட்டு எடுத்ததில் எல்லாம் நொறுங்கிவிட்டது.

அடுத்தது முட்டை வெள்ளையில் செய்யும் மெரிங். நான்கு முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்து, 200 கிராம் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடிக்க வேண்டும். 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காயவிட்டு, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆற விட வேண்டும். மகள் இதைக் கடிக்கும்போது எழும் சத்தத்துக்காகவே செய்யச் சொல்வாள்.

சாக்லேட் உருண்டைக்கு 200 கிராம் கறுப்பு சாக்லேட்டில் சூடான 100 மில்லி தேங்காய்ப்பால் ஊற்றிக் கலந்து, குளிர வைத்து, உருட்டிக் கோக்கோத் தூளில் புரட்டினால் போதும். கறுப்பு சாக்லேட் என்பதாலேயே பால் இருக்காது என்று நினைக்கக் கூடாது. பலவற்றில் பால்கொழுப்பு சேர்க்கிறார்கள். பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் ஓட்டுகிறார்கள். லாக்டோஸ் செரியாமைக்கு அந்தச் சுவடு பெரிய பொருட்டல்ல. ஆனால் "கோதுமை இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் நாங்கள் வாங்குவதே இல்லை.

பழுத்த வாழைப்பழத்தைத் துண்டாக்கி உறைய வைத்து மிக்ஸியில் அரைத்தால், சிறிது நேரம் பொடிப்பொடியாகச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று ஐஸ்கிரீம்போல் வழவழப்பாகிவிடும். வாழைப்பழத்துக்கும் இந்த நோய்க்கும் ஒரு பழைய உறவு உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழப் பத்தியத்தைப் பரிந்துரைத்தார். குழந்தைகள் தேறினார்கள், வாழைப்பழத்தின் மகிமை என்றே நம்பப்பட்டது. உண்மையில் அந்தப் பத்தியத்தில் கோதுமை இல்லாததுதான் காரணம். கோதுமைதான் குற்றவாளி என்பதை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே தம் 1950-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவினார். ஐஸ்கிரீம் அரைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகளின் நினைவு வரும். ஏன் பிழைத்தோம் என்று தெரியாமலே பிழைத்தவர்கள்.

வெளியே போகும்போது என்ன செய்வது? இதற்குத்தான் இனிப்புப் பெட்டி. உறைபெட்டியில் கேக் துண்டு, பிஸ்கட், சாக்லேட் உருண்டை எல்லாம் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி எப்போதும் இருக்கும். விழாவுக்கு அழைப்பு வந்ததும் அந்த வீட்டு அம்மாவிடம் பேசி, என்ன நிறக் கேக் என்று கேட்டுவிடுவேன். "அவளுக்குக் கொண்டு வருகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம், தட்டில் மட்டும் மற்றவர்களோடு சேர்த்து வைத்துக் கொடுங்கள்" என்பேன். சாக்லேட் கேக் வெட்டுகிறார்கள் என்றால் சாக்லேட் துண்டு, இளஞ்சிவப்பு க்ரீம் என்றால் இளஞ்சிவப்பு க்ரீம். ஐஸ்கிரீம் கடையில் பழச்சாறு உறைந்த வகையைக் கிண்ணத்தில் கேட்டு, புதுக் கரண்டியால் புது டப்பாவிலிருந்து எடுக்கச் சொல்வோம். கோதுமைக் கூம்பின் துகள் ஒட்டிய கரண்டிதான் அங்கே ஆபத்து. முடியாது என்றால் வாங்காமல் வந்துவிடுவோம். சங்கடப்பட்டுக்கொண்டு "பரவாயில்லை" என்று சொன்ன காலம் போய்விட்டது.

எதிர்ப்பொருள் இறங்கிய பிறகு, ஆலோசகர் சொன்னபடி பாலைத் திரும்பப் பழக்கினோம். முதலில் உணவோடு இரண்டு கரண்டித் தயிர், பிறகு கால் கோப்பைப் பால். இப்போது அரைக் கோப்பை தாங்குகிறது. அதற்குமேல் போனால் வயிறு இரைகிறது. இனிப்பு செய்ய லாக்டோஸ் நீக்கிய பால் வாங்குகிறேன். அதில் லாக்டோஸ் முன்பே குளுக்கோஸும் கேலக்டோஸுமாக உடைக்கப்பட்டிருப்பதால் சாதாரணப் பாலைவிடத் தித்திக்கும். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் கடையில் ஒரு சாக்லேட்டை நான் படித்துவிட்டுக் கூடையில் போட்டேன். அவள் அதை எடுத்து, மடிப்புக்குள் இருந்த கடைசி வரியைப் பிரித்துப் படித்தாள். "அம்மா, பார்லி மால்ட் சாறு" என்று சொல்லித் திரும்ப அடுக்கில் வைத்தாள். அவள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மால்ட் இல்லாத அரிசிப்பொரியில் உருக்கிய கறுப்பு சாக்லேட்டை ஊற்றி அதே மாதிரி ஒன்று செய்து பார்த்தோம். நன்றாகவே வந்தது.

அடுக்கடுக்காகப் பிரியும் பேஸ்ட்ரி மட்டும் இன்னும் எனக்கு வசப்படவில்லை. நான்கு முறை செய்துவிட்டேன். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகைபோல் வருகிறது. மாவில் பிடிப்பு போதவில்லை என்று நினைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை இசப்கோல் உமி சேர்த்து, வெண்ணெயை இன்னும் நன்றாகக் குளிர வைத்துச் செய்து பார்க்கப் போகிறேன். மடிப்பு வேலை தன்னுடையது என்று மகள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.